மதார் சாகிபு எலுமிச்சை மரத்துக்குச் சாப்பாடு போட்ட கதை

ஈஜோக் ஊரில் மதார் சாகிபு கையால் தேத்தண்ணீர் குடிக்காதவர் யாராவது இருந்தால் அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் அந்த மனிதர் ஒரே கடையில், ஒரே மூலையில், கொதிக்கிற தண்ணீருக்கும் பால் டின்களுக்கும் நடுவில் நின்று தேத்தண்ணீர் கலக்கியவர். லோரி ஓட்டுகிறவர்கள், செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், ராவாங் தொழிற்சாலைக்கு பஸ் ஏறுகிறவர்கள் எல்லோரும் அவர் முன்னால் வந்து நின்றுவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவார்கள். யாருக்குச் சீனி குறைவு, யாருக்குப் பால் வேண்டாம், யாருக்குப் பாலாடை கட்டினால் பிடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை.

உலகத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். முகம் வாடியிருக்கிறவன் எவனும் பசியோடு இருக்கிறான். அவனிடம் கேள்வி கேட்கக் கூடாது, முதலில் கொடுக்க வேண்டும். வேலை போய் வந்து உட்கார்ந்தவனுக்கும் ரொட்டியும் தேத்தண்ணீரும் கொடுத்தார், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனவனுக்கும் அதையே கொடுத்தார். ஒரு தடவை பல்வலியோடு வந்தவனைக்கூட விடவில்லை. "குடிச்சிட்டு அப்புறம் பேசுப்பா," என்பார். பாதிப் பேருக்கு அது சரியாகவும் போனது. அதுதான் வினையாகப் போயிற்று. சரியாகாத மீதிப் பாதியைப் பற்றி அவர் ஒருநாளும் யோசித்ததே இல்லை.

போன வருஷம் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கை தலைக்கு மேல் போக மறுத்தது. கை மேலே போகாதவர் தேத்தண்ணீரை எப்படி இழுத்து ஆற்றுவது? மகன் லுக்மான் கடையை எடுத்துக்கொண்டான். "அத்தா, போதும் லா. வீட்ல உக்காருங்க," என்றான். நல்ல பிள்ளைதான், சொன்ன விதமும் நல்ல விதம்தான். ஆனால் வீட்டில் உட்காருவது எப்படி என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் கிளம்பிப் போய் இரவு இஷாவுக்குப் பிறகு திரும்புகிறவருக்கு வீடு என்றால் படுக்கிற இடம், அவ்வளவுதான். முதல் வாரம் முன்வாசலில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்தார். உள்ளே கதீஜா இருந்தாள். கட்டி முப்பத்தாறு வருஷம் ஆன பெண்டாட்டியிடம் பகல் வேளையில் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் எலுமிச்சை மரம் கண்ணில் பட்டது. பட்டது என்ன, பதினாலு வருஷமாக அங்கேதான் நிற்கிறது! உலு யாம் சந்தையில் ஒரு முழக் கன்றாக வாங்கிவந்து, அடுப்படிக் கதவிலிருந்து நாலு எட்டில் கதீஜா நட்டது. ஒரு பக்கம் அடுப்படி, மறு பக்கம் சாக்கடையும் கம்பி வேலியும். அந்த இடுக்கில் நின்றுகொண்டு தெருவுக்கே காய்த்தது மரம். கதீஜா போடுகிற ஊறுகாய் சுங்கை சோவில் இருக்கும் அவள் நாத்தனார் வீடுவரை போகும். யாராவது புது வண்டி வாங்கினால் சக்கரத்தில் வைக்கப் பழம் இங்கிருந்துதான் போகும். ஆடி மாதம் மாரியம்மனுக்கு மாலை கோக்க மூன்றாம் வீட்டு விஜயராணி கூடையோடு வருவாள். "சாமிக்குப் போடறதுடி. கீழ கெடக்கிறதப் பொறுக்காத, மேல பாத்துப் பறி," என்று கதீஜாவே கிளையை வளைத்துக் கொடுப்பாள்.

ஒருநாள் காலையில் மதார் சாகிபு சும்மா கடைப்பக்கம் போனார். வேலைக்காரப் பையன் தேயிலைச் சக்கையைக் குப்பைத்தொட்டியில் கொட்டுவதைப் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. எத்தனை பேருக்கு உயிர் கொடுத்த தேயிலை! ஒரு வாளியில் அதை வாங்கி, பால் டின் கழுவிய தண்ணீரையும் அதன் தலையில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எலுமிச்சையின் அடியில், மரத்தோடு ஒட்டி, சூடு ஆறாமலே கொட்டினார். அந்த மாதம் நல்ல மழை. மரம் தளிர்த்தது. மழை பெய்ததால் தளிர்த்தது என்று சொன்னால் நம்புகிற ஆளா அவர்?

"பாத்தியா கதீஜா? குடிச்சிட்டு எப்படி நிக்குது பாரு!"

அதிலிருந்து தினமும் ஏழு மணிக்கு ஒரு வாளி வந்தது. கொட்டுவார், கையால் தட்டித் தட்டி மரத்தைச் சுற்றி மேடு கட்டுவார். பிறகு அங்கேயே ஒரு பழைய பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கதீஜா அடுப்படி வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பாள். கடையில் யார் வந்தார், யார் யாரிடம் சண்டை போட்டார் என்று இவர் சொல்லுவார். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் வேட்டியோடு சாக்கடையில் விழுந்த பழைய கதையை நடித்தே காட்டுவார். கதீஜா சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள் என்பதை அறுபத்து மூன்றாம் வயதில்தான் அவர் கண்டுபிடித்தார். வெட்கக்கேடுதான், இருந்தாலும் கண்டுபிடித்தாரே.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் இலைகள் மஞ்சளாயின. பிஞ்சுகள் பட்டாணி அளவிலேயே உதிர்ந்தன. மதார் சாகிபு மரத்தின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். முகம் வாடியிருக்கிறது. வாடியிருந்தால் என்ன அர்த்தம்?

"பசி," என்றார். "ஒரு வாளி பத்தல."

இரண்டு வாளியாக்கினார். நுனிக்கொம்புகள் காய்ந்தன. மாவு பிசைந்த பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேர்ந்து வந்தது. ராவாங்கில் அலுவலகத்தில் வேலைசெய்கிற மகள் தஸ்லிமா வார விடுமுறைக்கு வந்தவள், ஓர் இலையைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். "அத்தா, இது பதினோரு நோய்ல எதுவா வேணும்னாலும் இருக்கலாம்னு சொல்லுது," என்றாள். "ஒரே மரத்துக்கு எப்படிம்மா பதினோரு நோய்? அந்த போனைத் தூக்கி உள்ள வை," என்று சீறினார். பள்ளிவாசல் லெபையிடம் போய், மரத்துக்கு ஓதித் தண்ணீர் கேட்டார். மரத்துக்கு ஓதிப் பழக்கமில்லை என்று லெபை தயங்கினார், ஆனாலும் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஓதிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரையும் சக்கையின் மேலேயே ஊற்றினார்.

உள்ளுக்குள் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடையைக் கொடுத்தாயிற்று. கையும் போயிற்று. இந்த வீட்டில் கதீஜாவுக்கென்று அவர் செய்கிற ஒரே வேலை இந்த மரம்தான். அவள் பதினாலு வருஷம் வளர்த்ததைத் தன் கையில் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி நிற்கிறதே! மரம் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்துகூட அதையே நினைத்தார். கதீஜாவோ ஒன்றும் சொல்லவில்லை. மரத்தைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், நெத்திலியைக் கிள்ளுவாள்.

ஆடி பிறந்தது. விஜயராணி கூடையோடு வந்தாள். பன்னிரண்டு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், பிறகு செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்கியவள். பழத்தைத் தாண்டி மரத்தைப் பார்க்கிற கண் அவளுக்கு. வந்தவள் மேலே பழத்தைத் தேடவே இல்லை. நேராக அடியைப் பார்த்தாள்.

"பாய், என்ன இது மேடு?"

"ஒரம்," என்றார் மதார் சாகிபு, கொஞ்சம் பெருமையாகவே.

"யாரு போட்டது?"

அந்த 'யாரு' வந்த தினுசே சரியில்லை. அறுபத்து மூன்று வயது, ஐந்து வேளைத் தொழுகை, ஊரில் நல்ல மனிதர் என்ற பெயர். எல்லாம் இருந்து என்ன? வாயில் வந்தது பொய்.

"லுக்மான் அனுப்புறான். கடையிலேர்ந்து."

விஜயராணி கைலியை இடுக்கிக்கொண்டு மண்டியிட்டாள், கையாலேயே மேட்டைத் தோண்டினாள். மேலே காய்ந்திருந்த சக்கை உள்ளே கறுப்பாக, களியாக இருந்தது. புளித்த பால் நாற்றம் குப்பென்று வந்தது. மரத்தை அவள் விரல் தொட்ட இடத்தில் பட்டை வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைப் போலக் கழன்று வந்தது. அதற்குக் கீழே பழுப்பு. அங்கங்கே பிசின் முத்து முத்தாக நின்றது.

"அடக் கடவுளே! பட்ட அழுகிப் போச்சு பாய். கழுத்த சுத்தி ஈரத்துணிய வருசம் பூரா கட்டி வச்சா மனுசனுக்கே புண்ணு வராதா? மரம் இந்தப் பட்ட வழியாத்தான் சாப்பாட்ட எறக்கும். அத அழுக வச்சுட்டு மேல மேல சாப்பாடு போட்டா அது எங்க போவும்? லுக்மானுக்குக் கொஞ்சம்கூட புத்தியில்லையா?"

மதார் சாகிபு தோண்டிய மேட்டையே பார்த்தார். காது இரண்டும் சிவந்துபோய் நின்றார். அடுப்படி வாசலில் கதீஜா எப்போது வந்து நின்றாளோ தெரியாது. "வேர் அறுந்துடப் போவுது, மெதுவாத் தோண்டு ராணி," என்று மட்டும் சொன்னாள்.

விஜயராணி வீட்டுக்குப் போய்ப் பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்துவந்தாள். அதற்குள் மதார் சாகிபு இடது கையால் மேடு முழுவதையும் அள்ளி வேலிக்கு அப்பால் கொட்டியிருந்தார். கதீஜா வேண்டாம் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. தோள் வலித்தது, வலிக்கட்டும் என்று அள்ளினார். அவள் பழுப்புப் பட்டையை மெல்லச் செதுக்கினாள். வெள்ளையும் பச்சையுமாக உயிருள்ள பட்டை வருகிறவரை செதுக்க வேண்டும். வேலிப் பக்கம் செதுக்கினாள், வரவில்லை. இரண்டு ஓரங்களிலும் செதுக்கினாள், அங்கேயும் வரவில்லை. மதார் சாகிபு குனிந்து கத்தியின் நுனிக்கே முகத்தைக் கொண்டுபோனார். அடுப்படிப் பக்கம் வந்தபோது கத்தி சட்டென்று பச்சையைத் தொட்டது.

விஜயராணி விரல் வைத்து அளந்தாள். "நாலு வெரலு. இந்தப் பக்கம் மட்டும் எப்படித் தப்பிச்சுதுன்னு தெரியல. அழுகல் சுத்தி வந்து சேந்திருந்தா இன்னைக்கே வெட்டிப் போட வேண்டியதுதான். இந்த நாலு வெரலும் காயாம இருந்தா மரம் பொழைக்கும்."

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை வாங்கிவந்து செதுக்கின இடமெல்லாம் பூசினார்கள். பாதிக் கொம்புகளை வெட்டினார்கள். இருந்த பதினெட்டுப் பழத்தையும் பறித்துவிட்டார்கள். போகும்போது விஜயராணி விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

"இனிமே ஒண்ணும் குடுக்காதீங்க பாய். ஒரமும் வேணாம், டீயும் வேணாம். மழத் தண்ணியே போதும், அதுவும் அடியில நிக்கக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"நான் வந்து சொல்ற வரைக்கும்."

உலகத்தில் எந்தத் தண்டனையும் அந்த மனிதருக்கு இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது. வாடின முகத்தோடு ஒன்று எதிரே நிற்கிறது, ஒன்றும் கொடுக்கக் கூடாது! காலையில் கடைக்குப் போனார், வெறுங்கையோடு வந்தார். மழைநீர் நிற்காமல் ஓட மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டினார். வெட்டிவிட்டு, மழை பெய்யும்போது ஓடுகிறதா என்று குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். தினமும் குனிந்து நாலு விரலை வைத்து அளப்பார். ஒருநாள் மூன்றரைதான் இருப்பதாகத் தோன்றி, தஸ்லிமாவுக்குப் போன் பண்ணி அழாத குறையாகச் சொன்னார். அவள் நூல் வைத்து அளக்கச் சொன்னாள். நூல் நாலு விரல்தான் காட்டியது. பறித்த பதினெட்டுப் பழம் மாலைக்குப் பற்றவில்லை, அந்த ஆடிக்கு மாரியம்மனுக்கு மாலை கடைப் பழத்தில்தான் போனது. தெருவில் விஜயராணி பிளாஸ்டிக் பையில் பழம் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் பால் பெட்டியில் உட்காருவதை விடவில்லை. மரத்துக்குக் கொடுக்க ஒன்றுமில்லாவிட்டாலும் உட்கார்ந்தார். பேச்சு மட்டும் வரவில்லை. கதீஜாதான் ஏதாவது சொல்லுவாள், அவர் "ம்" போடுவார்.

ஆறாவது வாரம் விஜயராணி வந்து பார்த்தாள். காயத்தின் ஓரத்தைத் தடவினாள். "பாய், இங்க பாருங்க, ஓரம் உருண்டு வருது. பட்ட மூடப் பாக்குது. பொழச்சுது. காய்க்க ரெண்டு வருசம் ஆவும், ஆனா பொழச்சுது."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மதார் சாகிபு. அவள் போன பிறகும் மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மரம் சாகக் கிடந்தவரை அந்தப் பொய் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிழைத்தது என்று கேட்டதும்தான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை, கதீஜா வழக்கம்போல வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தார்.

"கதீஜா, அந்தச் சக்க லுக்மான் அனுப்பினதில்ல."

"ம்."

"நான்தான் போயிப் போயிக் கேட்டு வாங்கியாந்தேன். அவன் மேல சும்மா சொல்லிட்டேன்."

"அதுவும் தெரியும். அன்னைக்கே ராணி கடைக்குப் போயி அவனத் திட்டிட்டா. அவன் எனக்குப் போன் பண்ணி, 'அம்மா, நான் எப்ப அனுப்பினேன்'னு கேக்குறான். வாய மூடிட்டு இருடான்னு சொன்னேன்."

மதார் சாகிபுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இருந்தாலும் தொடங்கியதை முடிக்க வேண்டுமே.

"ஒன் மரத்த நான்தான் கொல்லப் பாத்தேன். எனக்கு ஒரு எழவும் தெரியல. வாடுது வாடுதுன்னு ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"சக்கையாலதான் வாடுதுன்னு எனக்கு பெருநாள் முடிஞ்ச வாரமே தெரியும்," என்றாள் கதீஜா, நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாத்தம் அடுப்படிக்குள்ள வந்துச்சு. நீங்க குளிக்கப் போன பொறவு கையால நோண்டிப் பாத்தேன். பட்ட வழவழன்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தெனம் நீங்க குளிக்கப் போனதும் செரட்டையால அள்ளிச் சாக்கடையில போடுவேன். நீங்க வர்றதுக்குள்ள மேல கொஞ்சம் சக்கையப் பரப்பி வச்சிருவேன். இந்தப் பக்கம் மட்டுந்தான் முடிஞ்சுது. அந்தப் பக்கம் வேலி இடுக்கு, என் முட்டிய வச்சிக்கிட்டு எங்க போயி குனியறது?"

மதார் சாகிபு திரும்பி மரத்தின் அடியைப் பார்த்தார். அடுப்படிப் பக்கத்து நாலு விரல் பட்டை. எப்படித் தப்பித்தது என்று விஜயராணிக்கே விளங்காத பட்டை.

"ஏண்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாலு மாசமா? 'கொட்டாதீங்க'ன்னு சொன்னா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

கதீஜா மீன் சட்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நிறுத்தியிருப்பீங்க. நிறுத்திட்டு முன்னால போயி தெருவப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. மூணு தரம் சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தரமும் நீங்க என்னமோ கதை சொல்லிட்டு இருந்தீங்க, கையக் காலை ஆட்டிக்கிட்டு. முப்பத்தாறு வருசம் விடிஞ்ச பொறவு உங்க மொகத்த நான் இந்த வீட்ல பாத்ததில்ல. ஊருக்கெல்லாம் பேசுவீங்க, சிரிப்பீங்கன்னு அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தச் சக்க வாளியோட வந்தப்பதான் நீங்க எங்கிட்ட உக்காந்தீங்க. அந்த வாளிய வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டு மறுபடியும் சட்டியை எடுத்துக்கொண்டாள். ஒன்றும் நடக்காதது போல நெத்திலியைக் கிள்ளத் தொடங்கினாள். ஆனால் தலை கிள்ளிய மீனையே இரண்டாம் தடவை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மதார் சாகிபு அழுதார். ஆம்பிளை, கிழவன், வெட்ட வெளிச்சத்தில் பால் பெட்டி மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். ஊரில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பசி என்று கண்டுபிடித்தவர்! சொந்த வீட்டு அடுப்படி வாசலில் ஒருத்தி முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தது கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அழுதார். "நீ மரத்த விட்டுட்டியேடி, எனக்காக," என்றார் விம்மலுக்கு நடுவில்.

"விடலைங்க. விட்டா அள்ளியிருப்பேனா? எனக்கு ரெண்டும் வேணும்னு இருந்துச்சு," என்றாள் கதீஜா. "எந்திரிச்சு மொகத்தக் கழுவுங்க. ராணி பாத்தா என்னமோ ஏதோன்னு ஓடியாருவா."

மறுநாள் ஏழு மணிக்கு லுக்மான் போன் பண்ணினான். ஒரு வருஷமாகத் தவறாமல் காலையில் கடைக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற அத்தாவைக் காணோமே என்று அவனுக்குக் கவலை.

"அத்தா, ஏன் வரல? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன என்ன பண்றீங்க?"

"ஒங்க அம்மாகூட பேசிட்டு இருக்கேன்டா. இனிமே காலையில கூப்பிடாத," என்று சொல்லி மதார் சாகிபு போனை வைத்துவிட்டார்.